முதலில் அந்த மஞ்சப்பையைப் பிரியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. ஆரணி பக்கம் ஒரு கிராமம். கொத்தனார் வேலை செய்த என் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். மகள் பிளஸ் டூ, மகன் ஆறாம் வகுப்பு, இரண்டு பேருமே அரசுப் பள்ளி. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்கிறேன், சம்பளம் 5,500 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது. காரியச் செலவுக்கு 5 வட்டிக்கு வாங்கிய 20,000 அப்படியே நிற்கிறது. கணவர் இருந்தபோது ஒரு நிதி நிறுவனத்தில் எடுத்த வாரக் கடனை அவர் போன பிறகும் நான்தான் கட்டி முடித்தேன். இப்போது அதே இடத்தில் இன்னொரு கடன் ஓடுகிறது. எனக்குத் தையல் தெரியும். மானியத்தோடு ஐந்து லட்சம் லோன் வாங்கித் தருகிறேன், கடை போடலாம், முதலில் 5,000 கொடு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா? மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருடைய காகிதங்கள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் பரண்மேல் கிடக்கின்றன. எடுத்துப் பார்க்க மனசு வரவில்லை.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

5,000 கொடுக்காதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமாக இருக்கும். கிராமத்துப் பெண் தொழில் தொடங்கினால் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், கைப்பணம் 5 சதவீதம் போட வேண்டும். இதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது, இடையில் ஆளும் தேவையில்லை. மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரே போனால் அவர்களே விண்ணப்பத்தைப் பதிந்து தருவார்கள். அந்த மானியம் உங்கள் கைக்கு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வருடம் உங்கள் பெயரில் வங்கியிலேயே இருக்கும். கடை ஒழுங்காக நடந்தால் அதற்குப் பிறகுதான் கடனில் கழிப்பார்கள். தவணையோ சில மாதங்களிலேயே தொடங்கிவிடும். மாதம் 6,500 வரும் வீட்டில், 5 வட்டி ஒரு பக்கம் வாரக் கடன் ஒரு பக்கம் என்று இருக்கும்போது, மூன்றாவதாக இதையும் ஏற்றினால் ஆறே மாதத்தில் தையல் மிஷினை விற்க வேண்டி வரும்.

உங்களுக்குத் தொழில் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடையைக் கடைசியில் வையுங்கள் என்கிறேன். உதவி எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே, எந்த வரிசையில் வருகிறது என்பதும் முக்கியம். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் மிகவும் ஏழ்மையான பெண்களுக்காக ஒரு வேலையைத் தொடங்கியது. எடுத்த எடுப்பில் கடன் கொடுக்கவில்லை. சில மாதம் சாப்பாட்டுக்குப் பணம், வளர்க்க மாடோ ஆடோ, அதற்குப் பயிற்சி, சேமிக்கப் பழக்கம், வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து விசாரிக்க ஒரு ஆள் என்று இரண்டு வருடம் கூடவே நின்றார்கள். பிறகு இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. உதவி நின்று ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்கள் பழைய நிலைக்குச் சரியவில்லை. முதலில் வயிறு, அப்புறம் பணம் கசியும் ஓட்டையை அடைப்பது, அப்புறம் நிலையான வருமானம், அதற்குப் பிறகுதான் கடன் என்ற வரிசை உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

அதனால் அந்த மஞ்சப்பையிலிருந்து தொடங்குவோம். தனியாகப் பிரிக்க முடியாவிட்டால் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அது பிள்ளையின் பைதான். அழுகை வந்தால் வரட்டும். அழுது முடித்துவிட்டு மூன்று பொருளைத் தேடுங்கள்.

முதலாவது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை. 1994-லிருந்து இந்த வாரியம் இருக்கிறது. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் என்று நிறையப் பேரைச் சங்கத்துக்காரர்களே கூட்டிப் போய்ப் பதிவு செய்து வைத்திருப்பார்கள், வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். பதிவு உயிரோடு இருந்திருந்தால், வேலையிடத்து விபத்துக்கு மட்டுமல்ல, இயற்கை மரணத்துக்கும் உதவித்தொகை உண்டு, ஈமச்சடங்குச் செலவும் உண்டு. அட்டை கிடைக்காவிட்டால் அவரோடு வேலை பார்த்த மேஸ்திரியைக் கேளுங்கள். ஆதார் எண்ணோடு மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனால் பதிவு இருந்ததா என்று பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டாவது, அவருடைய வங்கிப் பாஸ்புக். மே, ஜூன் மாத வரிகளை விரல் வைத்துப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருக்கிறதா? 2022-க்கு முன்னால் என்றால் 330. அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எப்படி இறந்திருந்தாலும் நாமினிக்கு 2 லட்சம் வர வேண்டும். கணக்குத் தொடங்கும்போது படிவத்தோடு படிவமாகக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். தனக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது என்று தெரியாமலே போனவர்கள் எத்தனையோ பேர். கழிந்திருந்தால் இறப்புச் சான்றிதழோடு அந்தக் கிளைக்குப் போங்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ஏற்கவில்லையென்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, அந்தப் பழைய வாரக் கடனின் அட்டை. கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய இடம் இது. சிறுகடன் நிறுவனங்கள் கடன் கொடுக்கும்போதே பெரும்பாலும் ஒரு காப்பீட்டுத் தொகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். கடன் வாங்கிய பெண்ணுக்கு மட்டுமல்லாமல் அவருடைய கணவருக்கும் சேர்த்துக் காப்பீடு போடுவது பல இடங்களில் வழக்கம். அப்படிப் போட்டிருந்தால் அவர் இறந்த அன்று பாக்கியிருந்த தொகையைக் காப்பீடுதான் கட்டியிருக்க வேண்டும், நீங்கள் கட்டியிருக்க வேண்டியதில்லை. அட்டையில் பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிளை மேலாளருக்கு எழுதிக் கேளுங்கள்.

இப்போது ஓடும் கடனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து அந்த வீட்டு மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு வரக் கூடாது. ராத்திரி வந்து வாசலில் உட்கார்ந்தால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

அந்த 20,000-க்கு வருவோம். 5 வட்டி என்றால் மாதம் 1,000. உங்களுக்கு வரும் உரிமைத் தொகை அப்படியே இந்த வட்டிக்குப் போகிறது. வருடத்துக்கு 12,000 கட்டியும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. உங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் சேருங்கள். நீங்கள் வாரக் கடனுக்காக உட்காரும் குழு வேறு, நான் சொல்வது ஊராட்சிக் கூட்டமைப்பில் பதிவான, சேமிப்புப் போடும் குழு. தமிழ்நாட்டில் இது 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. குழுவுக்குள் 1 வட்டிக்கு எடுத்தால்கூட 20,000-க்கு மாதம் 200 தான். மிச்சமாகும் 800-ஐ அசலில் கட்டிக்கொண்டே வரலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே பெரிய தொகை தர மாட்டார்கள். ஆறு மாதம் ஒழுங்காகச் சந்தா போட்டு, முதலில் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக் கந்துவட்டிக் கடனைக் குறையுங்கள். கடன்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் போதும்.

பிள்ளைகளுக்கென்று ஒரு உதவி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில், தகப்பனை இழந்து தாயோடு வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள், 18 வயது வரை. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டுப் போங்கள், 1098-ல் கேட்டாலும் வழி சொல்வார்கள். இடங்கள் அளவானவை, ஒரு குழு பார்த்துத்தான் முடிவு செய்யும். கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டு எந்தச் செலவும் செய்யாதீர்கள். ஆனால் மகனுக்கு இன்னும் ஆறேழு வருடம் இருக்கிறது, விண்ணப்பிக்காமல் விடவும் கூடாது. மகள் 18-ஐ நெருங்குகிறாள் என்பதால் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணவரை இழந்தவர்களுக்கான மாத உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் உரிமைத் தொகையும் அதுவும் ஒருவருக்கே சேர்ந்து கிடைக்காது, அதனால் அதில் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. மாமியாருக்கு 60 தாண்டியிருந்தால் அவர் பெயரில் முதியோர் உதவித்தொகை கேளுங்கள், 2023-லிருந்து அது 1,200 ரூபாய். மகனைப் பறிகொடுத்த ஒரு முதியவளுக்குக் கையில் தன் பணம் என்று கொஞ்சம் இருப்பது பெரிய ஆறுதல்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பிளஸ் டூ முடித்ததும் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு ஓடுகிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 அவள் கணக்குக்கு வரும். மதிப்பெண் நன்றாக இருந்தால் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. ஐந்து வருடம் கழித்து உங்கள் வீட்டை நிமிர்த்தப் போவது தையல் கடையைவிட இந்தப் பெண்ணின் படிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது உங்கள் வேலை. கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் பிடித்தாக வேண்டும். உங்கள் சம்பளத்தில் முக்கால் சதவீதம், அதாவது மாதம் நாற்பது ரூபாய்தான் போகும், மீதியை முதலாளி கட்ட வேண்டும். வீட்டுக்கே வைத்தியச் செலவு குறையும். (நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை என்று எழுதவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.) முதலாளி எதற்கும் மசியவில்லை என்றால் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமும் விசாரியுங்கள். அங்கே காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, கிராமங்களுக்கு வண்டியும் வருகிறது. மாமியார் வீட்டில் இருப்பதால் மகனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. உங்கள் உடம்பு தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தையலைக் கடன் இல்லாமலே தொடங்கலாம். முன்னோடி வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல் பயிற்சி இலவசம், சாப்பாடும் சேர்த்து. ஒரு மாதம் லீவு எடுக்க வேண்டியிருக்கும், அது உங்களுக்குப் பெரிய செலவுதான். ஆனால் சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத்துக்கு மனுப் போடத் தையல் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள், இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு 40 வயது வரைதான், உங்களுக்கு நான்கு வருடம் இருக்கிறது. அதே அலுவலகத்தில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக முடியுமா என்றும் கேளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை இந்தச் சங்கங்களின் பெண்கள்தான் தைக்கிறார்கள். வெட்டிய துணி வரும், வீட்டிலேயே தைத்துக் கொடுக்கலாம். இரண்டு வருடம் இப்படி ஓட்டி, வாடிக்கையும் கையில் கொஞ்சம் சேமிப்பும் சேர்ந்த பிறகு அந்த மானியக் கடனை எடுங்கள். அப்போது நானே எடுங்கள் என்று சொல்வேன்.

வெட்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அப்பா போன பிறகு எங்கள் அம்மா மாதாமாதம் பென்ஷன் மணியார்டருக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பணம் வந்த அன்று எங்களுக்கு நோட்டு வாங்கித் தருவார். அம்மா கை நீட்டுகிறார் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. உங்கள் கணவர் வெயிலில் நின்று கட்டிய கட்டடங்களுக்கு வசூலான நலவரியில்தான் அந்த வாரியமே நடக்கிறது. அவருக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

கடைக்கு லீவு போட்டு அலைய முடியாது என்பது எனக்குப் புரிகிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை எல்லாவற்றிலும் ஐந்தைந்து நகல் எடுத்து வையுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அப்புறம் ஒரே ஒரு திங்கட்கிழமை லீவு சொல்லுங்கள். அன்று திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள், எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். ஒரு விஷயத்துக்கு ஒரு மனு என்று தனித்தனியாக எழுதுங்கள், ஒரே தாளில் எல்லாவற்றையும் கொட்டினால் எந்த மேஜைக்கும் போய்ச் சேராது. கையெழுத்து அழகாக இருக்கும் என்றால் மகளையே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி, அதே மஞ்சப்பையில் போட்டு வையுங்கள்.

அந்த 5,000 கேட்டவர் மறுபடி வந்தால், தொழில் மையத்துக்கு நானே போய்க்கொள்கிறேன் அண்ணா என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். பாஸ்புக்கில் அந்த 436 இருந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.