கிரிவி ரிஹ் என்னும் சொந்த மைதானம்

அன்புள்ள ஐயா,

உக்ரைனியக் கால்பந்து பற்றிய தங்கள் குறிப்பில் தினிப்ரோ அணியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 2015-இல் ஐரோப்பா லீக் இறுதி ஆட்டம் வரை வந்த ஓர் அணி நான்கே ஆண்டுகளில் எப்படி இல்லாமல் போகும்? நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஓர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆலை நடத்திய காலத்தில் இருமுறை சாம்பியனான அந்த ரஷ்ய அணியை ஒரு முதலாளியின் கையில் கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தொழிலாளர்களின் அணி தொழிலாளர்களிடமே இருந்திருக்க வேண்டாமா? மேலும், இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் செவில்லா அணி அடித்த மூன்றாவது கோல் ஆஃப்சைடு என்று என் மகன் வாதிடுகிறான். தங்கள் கருத்து என்ன?

ரா.

அன்புள்ள ரா.,

ஆஃப்சைடு வழக்கை உங்கள் மகனிடமே விட்டுவிடுகிறேன். அணியே இல்லாமல் போன பிறகு அந்தக் கோலைத் திருப்பி வாங்கி நாம் என்ன செய்யப்போகிறோம்?

அணி ஏன் அழிந்தது என்ற கேள்விக்கும் விடை எளியதுதான். கடன். உரிமையாளர் ஈஹோர் கொலொமோய்ஸ்கியின் பணம் வற்றியது. பாக்கிகளுக்காக 2016-இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தன் போட்டிகளிலிருந்து அணியை விலக்கியது. முன்னாள் பயிற்சியாளர் குழுவுக்குத் தரவேண்டிய தொகையைத் தராததால் ஃபிஃபா புள்ளிகளைக் கழித்தது. ஒவ்வொரு படியாக இறங்கி 2018-இல் அமெச்சூர் ஆட்டங்களுக்குப் போய், 2019-இல் அணி முடிந்தது. 2015 இறுதி ஆட்டத்தில் வார்சாவில் தினிப்ரோவின் கலினிச் முதல் கோலை அடித்தபோதும், 3–2 என்று தோற்றபோதும், அந்தப் பாக்கிகள் வளர்ந்துகொண்டுதான் இருந்தன. முதலாளியைத் திட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, தாராளமாகத் திட்டுங்கள்.

ஆனால் "ரஷ்ய அணி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடமாட்டேன். சோவியத் அணி என்று எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். 1983-ஆம் ஆண்டின் கடைசிச் சுற்றில் மாஸ்கோவின் ஸ்பார்த்தக் அணியைத் தன் மண்ணில் 4–2 என்று வென்று சோவியத் லீக் பட்டம் வாங்கிய உக்ரைனிய அணியை, தோற்றவன் நாட்டின் பெயரால் அழைப்பது என்ன நியாயம்? இந்தக் கோபத்தில் பாதி என்மீதுதான். என் தந்தை 'சோவியத் நாடு' இதழுக்குச் சந்தா கட்டியவர். படித்து முடித்த இதழ்களின் வழவழப்பான தாள்கள் எங்கள் பாடப்புத்தகங்களுக்கு அட்டையாகும். என் புவியியல் நோட்டின் மேல் ஓர் ஆண்டு முழுவதும் ஒரு டிராக்டர் நின்றது. இது எங்கே செய்தது என்று அப்பாவைக் கேட்டேன், "ரஷ்யாவில்" என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பெரிய தேசம் முழுவதற்கும் அது ஒன்றுதான் பெயர். பிற்காலத்தில் தினிப்ரோ அணியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான், அதற்குப் படியளந்த ஆலையும் டிராக்டர் செய்தது என்று அறிந்தேன். என் நோட்டில் நின்றது அந்த டிராக்டர்தான் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆலையின் கதைக்கு வருகிறேன். உங்களோடு நான் சண்டையிட வேண்டிய இடம் அதுதான். 1944-இல் மோட்டார் வாகன ஆலையாகத் தொடங்கப்பட்ட யூஷ்மாஷ், 1951-இல் ஏவுகணை ஆலையாக மாற்றப்பட்டது. டிராக்டரும் செய்தார்கள், உண்மையான டிராக்டர்தான். ஆனால் உலகத்துக்குக் காட்டுவதற்கு அது, காட்டாமல் வைப்பதற்குக் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. அதன் பொருட்டு 1959-இலிருந்து தினிப்ரோபெத்ரோவ்ஸ்க் (இன்றைய தினிப்ரோ) நகரத்துக்குள் வெளிநாட்டவர் எவரும் நுழையக்கூடாது என்றாயிற்று. 1961-ஐ ஒட்டி, அதுவரை உருக்காலையின் அரவணைப்பில் இருந்த கால்பந்து அணி இந்த ஆலையின் கைக்கு வந்தது; நகரின் ஊடே ஓடும் தினிப்ரோ ஆற்றின் பெயரையே அணிக்கும் சூட்டினார்கள். ஆலை கட்டிய மைதானத்துக்கு 'மெத்தியோர்' என்று பெயர். எரிகல், ராக்கெட் செய்பவர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? முப்பது வயது நிரம்பாத வலேரி லொபனோவ்ஸ்கியை 1968-இல் பயிற்சியாளராக நம்பி எடுத்தார்கள். 1971-இல் அவர் அணியை முதல் பிரிவுக்கு உயர்த்தினார். பின்னாளில் கீவின் தினமோ அணியில் அவர் சாதித்தவற்றின் ஒத்திகை இங்கேதான் நடந்தது. இவை அனைத்தும் ஆலையின் கொடை. மறுக்கவில்லை.

இப்போது 1983-இல் வாங்கிய பட்டத்துக்கு வாருங்கள். சாம்பியன் ஆனதால் அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் தகுதி கிடைத்தது. வெளிநாட்டு அணி வந்து ஆட வேண்டும். ஆனால் வெளிநாட்டவர் நகருக்குள் வரக்கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரும்புத்தாது நகரமான கிரிவி ரிஹில் ஆட்டத்தை வைத்து, அதுதான் சொந்த மைதானம் என்றார்கள். 1985 மார்ச்சில் பிரான்சின் போர்தோ அணியோடு காலிறுதி. அங்கே 1–1, இங்கே 1–1, பெனால்டியில் தோல்வி. அந்த அணியில் ஒலெஹ் ப்ரோதசோவ் இருந்தார். அதே 1985-இல் சோவியத் லீக்கில் 35 கோல்கள் அடித்து, ஒரு பருவத்தில் எவரும் அதுவரை அடிக்காத எண்ணிக்கையை எட்டியவர். ஹென்னாதி லித்தோவ்சென்கோ இருந்தார். 1984-இன் சிறந்த சோவியத் ஆட்டக்காரர். அந்த அணி தன் வரலாற்றின் மிகப் பெரிய ஆட்டத்தைத் தன் ஊரில் ஆடவில்லை.

தொழிலாளர்களின் அணி என்கிறீர்கள். ரா., முப்பத்தோரு ஆண்டுகள் ஷிஃப்டு பார்த்த உங்களிடமே கேட்கிறேன்: மாலை ஷிஃப்டு முடித்த யூஷ்மாஷ் ஃபிட்டர் ஒருவர், மார்ச் மாதக் குளிரில் 150 கிலோமீட்டர் போய் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் காலையில் வேலைக்குத் திரும்பியிருக்க முடியுமா? எந்த ஏவுகணையின் மறையை அவர் திருகினாரோ, அந்த ஏவுகணையின் பொருட்டுத்தான் அவருடைய அணி அவருடைய ஊரிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டது. எங்கே ஆடுவது என்று அவரை யாரும் கேட்கவில்லை. பயிற்சியாளர் யார் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், தான் என்ன செய்கிறோம் என்பதைச் சொந்த மனைவியிடமே சொல்லக்கூடாத வேலை அவருடையது. அணியை ஆலை வளர்த்தது என்பது மெய். ஆலை தொழிலாளியுடையது என்பது சுவரில் எழுதியிருந்த வாசகம். கொலொமோய்ஸ்கிக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் ஆயிரம் வேறுபாடுகள் சொல்லலாம், அணியைக் கடனில் மூழ்கடிக்காதது நிர்வாகத்தின் பெருமை என்றும் சொல்லலாம், ஆனால் மைதானத்தின் படிக்கட்டில் நின்று கத்தியவரை எதற்கும் கேட்காத விஷயத்தில் இருவரும் ஒருவரே. ஓய்வு பெற்றபின் நமக்கு எல்லாப் பழைய மேலாளர்களும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அந்த மயக்கத்தை அணியின் வரலாற்றுக்குள் கொண்டுவராதீர்கள்.

1988-இன் பட்டம் இதைவிட எனக்கு நெருக்கமானது. ப்ரோதசோவ், லித்தோவ்சென்கோ இருவரையும் கீவின் தினமோ கொண்டுபோய்விட்டது; எஞ்சியவர்களை வைத்துப் பயிற்சியாளர் யெவ்ஹென் குச்செரெவ்ஸ்கி பட்டத்தை வென்றார். இரண்டாம் இடம் யாருக்கு? அதே தினமோவுக்கு. நகரம் அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது.

உங்கள் மகன் பார்த்த 2014–15 பருவத்திலும் தினிப்ரோ ஐரோப்பிய ஆட்டங்களைத் தன் ஊரில் ஆடவில்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள். உக்ரைனின் கிழக்கே போர் தொடங்கிவிட்டதால் 2008-இல் கட்டிய புதிய மைதானம் சும்மா கிடக்க, சொந்த ஆட்டங்கள் கீவில் நடந்தன. இத்தாலியின் நாப்போலி அணியை அரையிறுதியில் வீழ்த்தியதும் அங்கேதான். முதல்முறை அந்நியர் பார்த்துவிடக்கூடாது என்ற அச்சம். இரண்டாம்முறை அந்நியர் தாக்கிவிடக்கூடும் என்ற அச்சம். 2024 நவம்பரில் ரஷ்யா தன் புதிய ஏவுகணையை முதன்முறையாக ஏவியது தினிப்ரோவின்மீது. குறி அதே யூஷ்மாஷ். "ரஷ்ய அணி" என்ற சொல்லைப் படித்தபோது ஏன் என் குரல் உயர்ந்தது என்று இப்போது புரிந்திருக்கும். கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆலைக்கும் ஓர் அணி இருந்திருக்குமே? சட்டை என்ன நிறம், மேலாளர் எங்கே உட்கார்ந்தார், நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.