இன்டோர் ஃபுட்பால் லீக்குகள் ஏன் கலைகின்றன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விளையாட்டு நிர்வாகம் பற்றி நீங்கள் எழுதும் பதிவுகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு நடுத்தர நகரத்தில் உணவகம் நடத்துகிறேன். அடுத்த வசந்த காலத்தில் எங்கள் ஊர் ஹாக்கி அரங்கில் புதிய இன்டோர் ஃபுட்பால் அணி ஒன்று ஆடப்போவதாகச் சொல்லி, அணியின் சார்பில் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். சீசன் முழுக்க வீரர்களுக்கு நான் சாப்பாடு கொடுக்க வேண்டும். கூடவே ஒரு தொகையை முன்பணமாகத் தர வேண்டும். பதிலுக்கு, மைதானத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையில் கடையின் பெயரைப் போடுவார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விசாரித்தபோது, 2023இல் பிரபல ஃபுட்பால் வீரர் ஆன்டோனியோ பிரவுன் வாங்கிய ஆல்பனி அணி சீசன் முடிவதற்குள் லீக்கிலிருந்து நீக்கப்பட்டதும், 2024இல் மீண்டும் தொடங்கிய அரீனா ஃபுட்பால் லீக் சில வாரங்களிலேயே சிதறியதும் தெரியவந்தன. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பொறுப்பற்ற மனிதர்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. நல்ல தலைவர் ஒருவர் கிடைத்தால் இது சரியாகிவிடுமா? நான் பணம் தரலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனிதர்கள் காரணமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு பெயர் கொண்ட லீக்குகளில், பல ஆண்டுகளாக ஒரே வகையான ஆட்களே உரிமையாளர்களாக வந்து சேர்கிறார்கள் என்றால், அவர்களை உள்ளே விடும் வாசலைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் உரிமையாளரை வெளியேற்றும்போது லீக்கின் தலைமை உறுதியானதாகத் தெரிகிறது. அவரைச் சேர்த்துக்கொண்ட நாளிலேயே அது தோற்றிருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்கன் ஃபுட்பாலை ஹாக்கி அரங்கின் அளவுக்குச் சுருக்கி ஆடுவதே இது. 1981இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்கக் கால்பந்து (சாக்கர்) ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர், கையிலிருந்த உறையின் மீதே இதன் வரைபடத்தைக் கீறியதாகச் சொல்வார்கள். 1987இல் நான்கு அணிகளுடன் அரீனா ஃபுட்பால் லீக் தொடங்கியது. ஐம்பது கெஜ நீளம், பக்கத்துக்கு எட்டு வீரர்கள், ஓரங்களில் மெத்தை கட்டிய தடுப்புச் சுவர். கோல் கம்பத்தின் இருபுறமும் வலைகள், அவற்றில் பட்டுத் திரும்பும் பந்தையும் பிடித்து ஆடலாம். அந்த ஆட்டமுறைக்கு ஃபாஸ்டர் 1990இல் காப்புரிமை பெற்றார். பிறர் அந்த வலைகளை விட்டுவிட்டு ‘இன்டோர் ஃபுட்பால்’ என்ற பெயரில் தத்தம் லீக்குகளைத் தொடங்கிக்கொண்டார்கள். ஒரு லீக்கைத் தொடங்குவது அத்தனை எளிது.

அதை நடத்துவதுதான் கடினம். ஹாக்கி சீசன் முடிந்தபின் அரங்கம் காலியாகக் கிடக்கும் மாதங்களை நம்பி நடக்கும் ஆட்டம் இது. ஓர் அணிக்கு உள்ளூரில் கிடைப்பவை ஏழெட்டு ஆட்டங்கள். பெரிய லீக்குகளைப் போலத் தொலைக்காட்சிப் பணம் வந்து பற்றாக்குறையை நிரப்பாது. டிக்கெட் விற்பனையும் உங்களைப் போன்ற உள்ளூர்க் கடைக்காரர்களின் விளம்பரமும்தான் வருமானம். செலவுப் பக்கத்திலோ அரங்க வாடகை, செயற்கைப் புல்தரை, பயணம், வீரர்களின் தங்குமிடம் எல்லாம் நிற்கின்றன. இவற்றோடு, வேலையில் காயம்படுவோருக்கான இழப்பீட்டுக் காப்பீடு ஒன்று இருக்கிறது. முழுவேகத்தில் ஓடிவந்து சுவரில் மோதும் தொழிலுக்குக் காப்பீட்டு நிறுவனம் மலிவாகக் கட்டணம் போடாது. 2019 இறுதியில் அரீனா ஃபுட்பால் லீக் திவாலானபோது, பழைய காப்பீட்டு நிறுவனம் ஒன்று தொடுத்திருந்த பல மில்லியன் டாலர் வழக்கும் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆண்டுதோறும் கையைக் கடிக்கும் இப்படிப்பட்ட தொழிலுக்குக் கணக்குப் பார்க்கும் முதலீட்டாளர் எளிதில் வரமாட்டார். ஊர்ப்பற்று கொண்டவர், விளையாட்டு மோகம் கொண்டவர், பெயர் வேண்டுபவர், முதல் ஆட்டத்தின் டிக்கெட் பணத்தைக் கொண்டு இரண்டாவது ஆட்டத்தை நடத்திவிடலாம் என்று நம்புபவர் ஆகியோரே பெரும்பாலும் வருகிறார்கள். லீக் அலுவலகமோ புதிய அணிகளின் சேர்க்கைக் கட்டணத்தையும் அணிகள் கட்டும் தவணைகளையும் கொண்டு நடக்கிறது. வருபவரின் வங்கிக் கணக்கை லீக்கின் தலைமை நிர்வாகியான கமிஷனர் கறாராகப் பரிசோதித்தால் லீக்கின் வருமானம் குறையும், ஆட்ட அட்டவணையில் ஓட்டை விழும். அதோடு, அந்தக் கமிஷனரை நியமிப்பதும் நீக்குவதும் அவர் கண்காணிக்க வேண்டிய அதே உரிமையாளர்கள்தான்.

நம்மூர் ஏலச்சீட்டை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இது சட்டென்று விளங்கும். சீட்டில் ஒருவர் தவணை கட்டாமல் நின்றால் நட்டம் அவரோடு நிற்பதில்லை. லீக்கிலும் ஓர் அணி பாதியில் கலைந்தால், அதனோடு ஆடவேண்டிய மற்ற ஒவ்வோர் அணியும் ஓர் உள்ளூர் ஆட்டத்தை இழக்கிறது. விற்ற டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது, அல்லது எங்கிருந்தோ ஒரு பகுதிநேர அணியைக் கூட்டிவந்து ஒப்புக்கு ஓர் ஆட்டம் நடத்த வேண்டியிருக்கிறது. சீட்டுப் பிடிப்பவரின் திறமை தவணை தவறியவரின் வீட்டு வாசலில் போய் நிற்பதில் இல்லை. யாரைச் சேர்ப்பது என்பதில்தான் இருக்கிறது.

ஆல்பனி விவகாரத்தை இந்தக் கோணத்தில் பாருங்கள். அந்த நகரத்துக்கு இந்த ஆட்டத்தில் பழைய பெருமை உண்டு. ஆன்டோனியோ பிரவுனின் தந்தை எடி பிரவுன் ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ் அணிக்காக ஆடியவர்; அரீனா ஃபுட்பால் வரலாற்றின் தலைசிறந்த வீரராக 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பின்னர் அதே ஊரில் உருவான ஆல்பனி எம்பயர், நேஷனல் அரீனா லீக்கில் 2021, 2022 என அடுத்தடுத்து இருமுறை கோப்பை வென்றது. அத்தகைய அணியில் 2023 மார்ச்சில் பிரவுன் பங்கு வாங்கியபோது, தந்தை ஆடிய ஊருக்கு, அமெரிக்கன் ஃபுட்பாலின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல்.லின் நட்சத்திரமான மகன் திரும்புகிறார் என்ற கதைக்கு மயங்காதவர் குறைவு. ஆனால் அதற்குள் பிரவுனின் நடத்தை அமெரிக்கா முழுவதும் அறிந்த செய்தியாகியிருந்தது. 2022 ஜனவரியில் தம்பா பே அணிக்காக ஆடிக்கொண்டிருந்தவர், ஆட்டத்தின் நடுவே சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மைதானத்தை விட்டே வெளியேறியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் யாரென்று தெரியாமல் ஏமாந்தோம் என்று எவரும் சொல்ல முடியாது.

பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்பளம் வரவில்லை என்று வீரர்கள் வெளிப்படையாகவே புகார் கூறினார்கள். தலைமைப் பயிற்சியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். ஜூன் நடுவில் லீக் அந்த அணியின் உறுப்புரிமையை ரத்து செய்தது. ஏப்ரல் மாதத் தவணையைக் கட்டியவர் பிறகு அதை ஆட்சேபித்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார், அடுத்த மாதத் தவணையும் வரவில்லை, லீக்குக்குக் கேடு விளைவிக்கும் பேச்சுக்காக விதித்த ஆயிரம் டாலர் அபராதமும் வரவில்லை என்பது லீக் சொன்ன காரணம். ஒரு தவணை தவறினாலே ஆட்டம் காணும் அமைப்பு, சீசன் தொடங்குமுன் முழு ஆண்டுத் தவணைக்கும் ஈடாக ஓர் உத்தரவாதத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அவ்வாண்டு கோப்பையை வென்ற ஜாக்சன்வில் ஷார்க்ஸ் அணியே அடுத்த சீசனில் ‘இன்டோர் ஃபுட்பால் லீக்’ என்ற வேறொரு லீக்குக்குப் போய்விட்டது.

2024இன் கதை இதைவிடப் பெரியது. லீ ஹட்டன் கமிஷனராக இருக்க, அரீனா ஃபுட்பால் லீக் 16 அணிகளுடன் ஏப்ரல் இறுதியில் மறுபடி தொடங்கியது. முதல் சில வாரங்களிலேயே ஆட்டங்கள் ரத்தாயின. சம்பளம் வரவில்லை என்ற குரல்கள் பல ஊர்களிலிருந்து எழுந்தன. பிலடெல்பியா, ஜார்ஜியா, அயோவா என அணிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மின்னசோட்டா மித் அணியின் தலைவராக இருந்தவர் கமிஷனரின் மனைவி. அந்த அணியும் மே மாதத்தைத் தாண்டவில்லை. கமிஷனர் நேர்மையாகவே நடந்துகொண்டிருக்கலாம். ஆனால் ஓர் அணி தவணை கட்டவில்லை என்று நடவடிக்கை எடுக்க வேண்டியவரின் வீட்டிலேயே இன்னோர் அணி இருப்பதை மற்ற பதினைந்து உரிமையாளர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மே மாதம் ஹட்டன் போய், என்.எஃப்.எல். முன்னாள் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் இடைக்காலக் கமிஷனராக வந்தார். ஏறக்குறைய பாதி அணிகளைக் கொண்டு ஜூலையில் இறுதி ஆட்டத்தை நடத்தி முடித்தார். பில்லிங்ஸ் அவுட்லாஸ், ஆல்பனியின் புதிய அணியான ஃபயர்பேர்ட்ஸை 46–41 என வென்றது.

நீங்கள் கேட்கும் ‘நல்ல தலைவர்’ ஃபிஷர்தான் என்று பலர் சொல்கிறார்கள். சீசனை முடித்துக்காட்டியது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரும் நாஷ்வில் கேட்ஸ் அணியின் நிர்வாகத்தில் இருந்தபடியே அப்பொறுப்புக்கு வந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் நல்லவராக இருந்தது லீக்கின் நல்வாய்ப்பு. வேறு ஒருவர் அப்படி இல்லாமல் போனால் தடுப்பதற்கு அமைப்பில் எதுவும் இருக்கவில்லை.

பணம் படைத்தவர்கள் வந்தால் போதுமே என்று அடுத்துத் தோன்றும். அதையும் பார்த்தாயிற்று. 2000களில் என்.எஃப்.எல்.லின் டல்லஸ் கவ்பாய்ஸ் அணி உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸும் பாடகர் ஜான் பான் ஜோவியும் இந்த லீக்கில் உரிமையாளர்கள், என்.பி.சி., பின்னர் இ.எஸ்.பி.என். ஒளிபரப்பின. 2008 ஜூலையில், இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பல்லாண்டு கமிஷனராக இருந்த டேவிட் பேக்கர் பதவி விலகினார். அந்த டிசம்பரில் உரிமையாளர்கள் 2009 சீசனையே நிறுத்திவைத்தார்கள். லீக் பிறகு திவாலானது. தத்தம் அணியின் நட்டத்தை எண்ணிப் பார்த்தவர்கள் ஒன்றுகூடி எடுத்த முடிவை மாற்றும் அதிகாரம் எந்தக் கமிஷனருக்கும் இல்லை. மீண்டும் தொடங்கிய பிறகும் சுருங்கிச் சுருங்கி 2018இல் நான்கே அணிகள் எஞ்சின. நான்கும் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட, 12 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றிருந்த வாஷிங்டன் வேலர் கோப்பையைத் தூக்கியது. சிரிப்பதா அழுவதா என்று அந்த ரசிகர்களுக்கே தெரிந்திருக்காது.

இவற்றின் சுமை கடைசியில் வீரர்களின் தலையில் விழுகிறது. அவர்களில் பலருக்கு இது என்.எஃப்.எல். கனவின் கடைசிப் படி. கர்ட் வார்னர் அயோவாவில் மளிகைக் கடையில் மணிக்கு 5.50 டாலருக்குச் சரக்கு அடுக்கிய பின், அந்த மாநிலத்தின் அரீனா ஃபுட்பால் அணியான பார்ன்ஸ்டார்மர்ஸில் ஆடி, 2000 ஜனவரியில் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரரானார். ஒவ்வொரு வீரரும் அந்த ஒருவரைத்தான் நினைத்துக்கொள்கிறார், உரிமையாளர்களும் அதை அறிவார்கள். 2012 சீசனின் தொடக்க ஆட்டத்துக்காக ஆர்லாண்டோ சென்றிருந்த பிட்ஸ்பர்க் பவர் வீரர்கள், ஆட்டத்துக்கு முந்தைய சாப்பாட்டுக்காக ஆலிவ் கார்டன் உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது, வேலைநிறுத்த அறிவிப்பின் பேரில் அங்கேயே நீக்கப்பட்டார்கள். ஆடச் சம்மதித்தவர்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அன்று அடிப்படைச் சம்பளம் ஆட்டத்துக்கு 400 டாலர். நீங்களும் உணவகம் நடத்துபவர், அந்த மேசையை உங்களால் எளிதில் கற்பனை செய்துகொள்ள முடியும்.

வாசலைக் காப்பது முடியாத காரியம் இல்லை என்பதற்கு ஸ்போக்கேன் நகரத்தைச் சொல்லலாம். 2022இன் தொடக்கத்தில், அரங்கை நடத்தும் பொது அமைப்பு கேட்ட நிதி உத்தரவாதத்தை ஸ்போக்கேன் ஷாக் என்ற இன்டோர் ஃபுட்பால் அணி உரிய காலத்தில் தரவில்லை என்பதால், அந்த அமைப்பு குத்தகையை ரத்து செய்தது. அணி அவ்வாண்டு ஆடவேயில்லை. ரசிகர்கள் வருந்தினார்கள். இருந்தாலும் அது ஆட்டம் தொடங்கும் முன்பே நடந்தது. ஊர் தெரியாத ஊரில் சம்பளமில்லாமல் நடுசீசனில் எந்த வீரரும் நிற்கவில்லை. லீக் செய்திருக்க வேண்டிய சோதனையை அரங்கின் சொந்தக்காரர் செய்தார் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அங்கிருந்தே பதில் சொல்கிறேன். அணியின் ஆளைக் கேட்காதீர்கள். அரங்க அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, குத்தகை கையெழுத்தாகிவிட்டதா, எத்தனை தேதிகள் உறுதியாகியுள்ளன, உத்தரவாதத் தொகை கட்டப்பட்டதா என்று விசாரியுங்கள். வீரர்களுக்கான காப்பீட்டுச் சான்றிதழின் நகலை அணியிடம் கேளுங்கள்; தயங்கினால் அத்தோடு விட்டுவிடலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் முன்பணம் வேண்டாம். சாப்பாட்டுக்கு மட்டும் வாரக் கணக்கில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்குப் பிறகும் அடுத்ததைப் புதுப்பிக்கலாம். சம்பளம் வருகிறதா இல்லையா என்பதை உங்கள் கடையில் சாப்பிட வரும் பையன்களே இரண்டாவது வாரத்தில் சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்.