பெட்டிக்குள் போன பாட்டில்

கேள்வி: பொருளாதாரம் எந்தப் பக்கம் சாயும் என்றே தெரியாத நேரம் இது. உயர்தர ஒயின் விலை இறங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் எனக்கு வெளிநாட்டுப் பயணம். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள், ஆறு பாட்டில் வாங்கி வை, பத்து வருடத்தில் பொன்னாகும்" என்கிறார் நண்பர். வாங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தூற்றலாம். களத்தில் கிடப்பது நெல்லா பதரா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. அந்த ஆண்டு பிரான்சின் ஒயின் பூமியான போர்தோவில் அறுவடையான திராட்சையின் ஒயின், அங்குள்ள வழக்கப்படி பீப்பாயில் இருக்கும்போதே 2009 வசந்தத்தில் விற்பனைக்கு வந்தது. ஆள் பிடிக்க விலையைக் குறைத்தார்கள். பிறகு அந்தப் பகுதியின் பிரபல ஒயினான ஷாத்தோ லஃபீத்துக்குச் சீனாவில் மவுசு கூடியது. அதன் 2008 பாட்டிலின் மேல், சீனர்கள் அதிர்ஷ்டமாகக் கருதும் 'எட்டு' சீன எழுத்தில் பொறிக்கப்படும் என்று 2010 அக்டோபரில் அறிவிப்பு வந்ததும் விலை கிடுகிடுவென ஏறியது. நண்பர்கள் எல்லோரும் கதையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். 2011 நடுவில் உச்சிக்குப் போன சந்தை அதன்பின் வருடக்கணக்கில் இறங்கிய கதையை யாரும் சொல்வதில்லை.

சரி, ஏறியபோது காசு பார்த்தவர்கள் யார்? மரப்பெட்டியைப் பிரிக்காமல் வாங்கி, 12, 13 டிகிரி குளிரில், இருட்டில் கிடத்தி, ரசீதுகளைப் பத்திரப்படுத்தியவர்கள். கிடங்கிலேயே விட்டுவைத்த பலர் பாட்டிலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏலக்காரர் முதலில் கேட்பது பாட்டிலின் பூர்வீகத்தைத்தான்: எங்கே பிறந்தது, எந்த நிலவறையில் வளர்ந்தது, யார் யார் கை மாறியது. "துண்டில் சுற்றி சூட்கேசில் கொண்டுவந்தேன், பிறகு பீரோவில் வைத்தேன்" என்று நீங்கள் சொல்லும் அந்தக் கணமே முதலீடு முடிந்தது. மிஞ்சுவது ஒரு பாட்டில்.

இவ்வளவு துருவிக் கேட்கக் காரணம் இருக்கிறது. அதே 2008-இல் நியூயார்க்கில் ஓர் ஏலம். பிரான்சில் ஒயின் தயாரிக்கும் பொன்சோ குடும்பத்தின் 'க்ளோ சென் தெனி' ஒயின், 1945 முதல் 1971 வரையிலான வருடங்கள் போட்டு, பட்டியலில் இருந்தது. அந்தக் குடும்பமோ அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்தான்! அந்தக் குடும்பத்தின் லோரான் பொன்சோ நேரில் போய் நிற்க, பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை ஏலத்துக்குக் கொடுத்த ரூடி குர்னியவான், போலி ஒயின் விற்றதற்காக 2014-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கரை கண்ட சேகரிப்பாளர்களே ஏமாந்த வித்தை இது. விமானம் பிடிக்கும் அவசரத்தில் லேபிளைப் பார்க்கும் நாம் எம்மாத்திரம்?

ஆகவே வாங்குங்கள், ஆனால் குடிப்பதற்கு. அப்படியானால் பார்க்க வேண்டியது வேறு. கண்ணாடி அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்கும் பாட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சம் ஒயினுக்கு ஆகாது. நிமிர்ந்தே நின்றால் நாளடைவில் தக்கை காய்ந்துவிடும். கழுத்தை மூடிய தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, தக்கை மேலே துருத்தியிருந்தாலோ எங்கேயோ வெயில் பட்டிருக்கிறது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு பயணத்தில் ஆசையாக வாங்கியதைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு ஒரு மதியம் ஊர் சுற்றினேன். இரவு திறந்தபோது வேகவைத்த பழத்தின் வாசனை. மொத்தமும் தொட்டிக்குப் போயிற்று.

யானை வாங்கினால் அங்குசமும் வாங்க வேண்டுமே. ஆறு பாட்டில் என்றால் ஏழெட்டு கிலோ. ஒயின்போல 24 சதவீதத்துக்குள் ஆல்கஹால் உள்ள பானத்தைச் செக்-இன் பெட்டியில் வைக்க விமானப் பாதுகாப்பு விதி தடை சொல்லாது; எடைக்குக் காசு கேட்பார்கள், இறங்குமிடத்துச் சுங்கம் அளவு கேட்கும். விமான நிலையத்தில் வாங்கினால் முத்திரையிட்ட பையை ஊர் போய்ச் சேரும்வரை பிரிக்காதீர்கள். கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கட்டுமா?" என்று இயந்திரம் பரிவோடு கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பரிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

எதை வாங்குவது? உலகமெங்கும் கிடைக்கும் பெரிய பெயரை அல்ல. திராட்சை விளையும் ஊருக்கே போகிறீர்கள் என்றால், ஏற்றுமதி செய்யும் அளவுக்கு விளைச்சல் இல்லாத சின்னத் தோட்டக்காரரைத் தேடுங்கள். பெரிய பெயர்தான் வேண்டுமென்றால், கொண்டாடப்பட்ட ஆண்டை விட்டுவிட்டுச் சுமாரான ஆண்டைக் கேளுங்கள். விலை குறைவு, சீக்கிரம் பக்குவமாகும். கொண்டாடப்பட்ட ஆண்டின் ஒயின் பக்குவமாக இருபது வருடம் கேட்கும். இருபது வருடத்துக்கு நிலவறை இருக்கிறதா உங்களிடம்?

ஆறு வேண்டாம், இரண்டு போதும். அப்புறம் அந்த நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் வாங்கி வைத்திருப்பவை எங்கே இருக்கின்றன? சமையலறைப் பரண்மேல் என்றால், சீக்கிரமே ஒரு நாள் உங்களை வீட்டுக்கு அழைக்கச் சொல்லுங்கள். குடிக்கும் பதத்தில் இருக்கும்போதே.