கடலோர வீடு, கையில் 6 இலட்சம்: முதலில் எதற்குச் செலவழிப்பது?

கேள்வி: தெஹிவளையில், கடற்கரைக்குப் பக்கத்து ஒழுங்கையில் எங்கள் வீடு. ஒற்றைத் தட்டு, அஸ்பெஸ்டஸ் சீற் கூரை. வீட்டுக் கடன் இன்னும் 40 இலட்சம் இருக்கிறது. சேமிப்பு 6 இலட்சம். புயல் காலத்துக்கு முன் இன்வேட்டர் வாங்கவா, கூரையைத் திருத்தவா, இல்லை நிலையான வைப்பில் போடவா? காப்புறுதியை வங்கியே எடுத்துத் தந்திருக்கிறது.

பதில்: உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. கடனோடு வரும் காப்புறுதி பல வேளைகளில் கடன் தொகைக்கு மட்டுமே எடுக்கப்பட்டிருக்கும். காப்புறுதிப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

காணி விலையை விட்டுவிட்டு, இதே வீட்டை இன்றைய கூலிக்கும் சீமெந்து விலைக்கும் திரும்பக் கட்ட எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு மேசனிடம் கணக்குக் கேளுங்கள். 120 இலட்சம் பிடிக்கும் வீட்டை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 10 இலட்சம் சேதத்துக்கு ‘சராசரி’ நிபந்தனைப்படி (காப்புத் தொகை குறைந்த அதே விகிதத்தில் இழப்பீடும் குறையும்) 5 இலட்சம்தான் கணக்கில் வரும். அதிலும் நீங்கள் ஏற்கவேண்டிய பங்கு கழியும். இயற்கை அனர்த்தங்களுக்கு இது பல பத்திரங்களில் 10 சதவீதம். வீட்டுச் சாமான்களுக்குத் தனிக் காப்பு வேண்டும்.

வெறும் தீக் காப்புறுதியில் புயலும் வெள்ளமும் அடங்காது. கேட்டுச் சேர்க்க வேண்டும். கடலோரம்தானே என்று வெள்ளத்தை விட்டுவிடாதீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் கிழக்கே கரையேறியபோதும் களனி கங்கை பெருகிக் கொழும்பை அண்டிய இடங்கள் மூழ்கின. மதில், கேற், கடலரிப்பு ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தபின் போனால் புதிதாகக் காப்புக் கிடைப்பது அரிது. ஆகவே முதல் காசு காப்புறுதிக் கட்டுப்பணத்துக்கு.

அடுத்தது கூரை. உப்புக் காற்றில் சீற் கெடுவதற்கு முன் அதைப் பிடித்திருக்கும் கொக்கி ஆணி கறள் பிடித்து மெலியும். காற்று மேல்நோக்கி இழுப்பது தாழ்வார ஓரத்திலும் முகட்டிலும்தான் அதிகம். அங்கிருந்தே மாற்றத் தொடங்குங்கள். தடித்த நாக (சிங்க்) பூச்சுள்ள ஆணி, றப்பர் வொஷருடன், சீற்றின் மேட்டில் வரவேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் இறங்கும். அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால் சீற் வெடிக்கும். வொஷர் சற்று அமுங்கினால் போதும். துளையிடுமுன் இடத்தை நனைக்கச் சொல்லுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. வேலையாள் பலகை போட்டு நடக்கட்டும். இந்தச் செலவைத் தள்ளிப்போட்டால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம்: பராமரிக்காத கூரையின் ஒழுக்குக்கு இழப்பீடு மறுப்பது வழமை.

இரண்டுக்கும் சேர்த்து 3 இலட்சத்தைத் தாண்டாதீர்கள். மிச்சம் 3 இலட்சத்தில் 50,000 வீட்டில் சில்லறை நோட்டாக இருக்கட்டும். மின்சாரம் போனால் ஏரிஎம் வேலை செய்யாமல் போகலாம். 1 இலட்சம் சேமிப்புக் கணக்கில். எஞ்சிய 150,000 மூன்று மாத வைப்பில், 50,000 வீதம் மூன்று வைப்பாக. அவசரத்தில் ஒன்றை உடைத்தால் அதற்கு மட்டும் வட்டி குறையும். இன்வேட்டர் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கலாம்.

கூரை வேலை முடிந்ததும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். சேதம் வந்தால் உடனே நிறுவனத்துக்கு அறிவித்து, படம் எடுத்தபிறகே தார்ப்பாய் போடுங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை உடைந்த சீற்றுகளை எறியவேண்டாம். பத்திரத்தில் வங்கியின் பெயர் இருப்பதால் காசோலை முதலில் அங்கே போகலாம். திருத்த வேலைக்கு அதை விடுவிக்கும் நடைமுறையை வங்கியிடம் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.