சிரிப்புக் கோட்டுக்குப் போட்ட ஊசி

கேள்வி: எனக்கு வயது 49. திருச்சியில் தனியார் பள்ளி ஆசிரியை. மகன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க மார்ச் மாதம் தி.நகர் போயிருந்தேன். அப்போது இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு அழகுக் கிளினிக்கில் நெற்றிக்கு போடாக்ஸும், மூக்கோரத்திலிருந்து வாய் வரை விழும் சிரிப்புக் கோட்டுக்கு ஃபில்லரும் போட்டுக்கொண்டேன். பேக்கேஜ் 38,000 ரூபாய். ஜிபேயில் யாரோ ஒருவர் பெயருக்கு அனுப்பச் சொன்னார்கள், பில் தரவில்லை. டேப்லெட்டில் ஏதோ படிவத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது விழுப்புரம் தாண்டியதுமே இடது மூக்கோரம் வெளுத்துப்போய் தாங்க முடியாத வலி. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஐஸ் வைங்க மேம், நார்மல்தான்" என்று பதில் வந்தது. மறுநாள் அந்த இடம் நீலமாக வலை போலானது. மூன்றாம் நாள் திருச்சி தோல் டாக்டர் ஒருவர் ஃபில்லரைக் கரைக்கும் ஊசி போட்டார். ஆனாலும் தழும்பு நின்றுவிட்டது. ஒரு வாரத்தில் இடது கண் இமையும் தொங்கி, இரண்டு மாதத்தில் சரியானது. கிளினிக்கில் கேட்டால், "கையெழுத்துப் போட்டிருக்கீங்க, ரிவ்யூ எழுதினா மானநஷ்ட வழக்கு வரும்" என்கிறார்கள். என்னால் சென்னைக்கு அலைய முடியாது. கணவரிடம் அலர்ஜி என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடலாம், ஏனென்றால் ஒன்று பலவீனமானது, மற்றது வலுவானது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் ஊதிவிடுவார்.

இமை தொங்கியது போடாக்ஸின் வேலை. அது நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்தும் மருந்து. சுருங்காத தசைக்கு மேலே இருக்கும் தோலில் கோடு தெரியாது, அவ்வளவுதான். மூன்று நான்கு மாதத்தில் பலன் போய்விடும். நெற்றியில் போட்ட மருந்து கொஞ்சம் கீழிறங்கி, இமையைத் தூக்கும் தசையைத் தொட்டால் இமை தொங்கும். கவனமாகப் போடும் டாக்டருக்கும் இது எப்போதாவது நடக்கக்கூடிய, தானே சரியாகிவிடுகிற பக்கவிளைவு. "இப்படி ஆகலாம் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை" என்பது மட்டும்தான் இதில் உங்கள் வாதம். அதை மனுவில் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூக்கோரத் தழும்பு வேறு கதை. ஃபில்லர் என்பது பெரும்பாலும் ஹயலூரோனிக் அமில ஜெல், பள்ளத்தை நிரப்பும் பொருள். சிரிப்புக் கோட்டை ஒட்டியே முகத்தின் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. ஜெல் அதற்குள் போனாலோ அதை அழுத்தினாலோ, அதற்கு மேலே உள்ள தோலுக்கு ரத்தம் நின்றுவிடும். முதலில் வெளுப்பு, வலி. பிறகு நீல வலை. அப்புறம் தோல் செத்துப் புண்ணாகும். அரிதாகக் கண் பார்வையே போயிருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு மூன்று வினாடியில் சிவப்புத் திரும்புகிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலில் பாலபாடம். திரும்பவில்லை என்றால் ஹயலூரோனிடேஸ் என்ற கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும். இங்கே மணிக்கணக்குதான் முக்கியம். ஐஸ் வைத்தால் குழாய் இன்னும் சுருங்கும்.

ஆகவே அடைப்பு ஏற்பட்டதே குற்றம் என்று வாதிடாதீர்கள். திறமையான கையிலும் அது நேரலாம். நீங்கள் அனுப்பிய படத்துக்கு வந்த "நார்மல்தான்" என்ற பதில்தான் உங்கள் வழக்கு. அந்த நீல டிக்கும், அதற்குப் பக்கத்தில் உள்ள நேரமும், மூன்றாம் நாள் திருச்சி டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டும் அடுத்தடுத்து இருந்தால், நடுவில் தொலைந்த நேரம் தானாகவே பேசும். மருத்துவக் கவனக்குறைவு வழக்கு எல்லாவற்றிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், "ஃபில்லர் போட்டபின் ரத்தக்குழாய் அடைப்பு" என்று திருச்சி டாக்டர் தன் கையால் எழுதித் தந்தால் அதற்கு ஈடில்லை. சக டாக்டருக்கு எதிராக எழுதத் தயங்குவார்கள். "எதிராக வேண்டாம் டாக்டர், நீங்கள் பார்த்ததையும் செய்ததையும் மட்டும் எழுதுங்கள்" என்று கேளுங்கள்.

சரி, அந்தக் கையெழுத்து. அதற்கு நீங்கள் பயப்படுகிற அளவுக்குச் சக்தி கிடையாது. என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, மாற்று வழி என்ன என்று விளக்கிய பிறகு வாங்கினால்தான் அது சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008-லேயே தீர்ப்பாகிவிட்டது. "எது நடந்தாலும் கிளினிக் பொறுப்பல்ல" என்று அதில் ஒரு வரி இருந்தாலும், அது கவனக்குறைவுக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட "டாக்டர் போட்டார்" என்று இல்லை. "போட்டுக்கொண்டேன்" என்றே எழுதியிருக்கிறீர்கள். ஊசி பிடித்தது யார்? இதுதான் நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது. போடாக்ஸ் சட்டப்படி மருந்து, பார்லரில் பூசுகிற கிரீம் அல்ல. பதிவு பெற்ற டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் சீட்டிலும் காட்டியாக வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். சுவரில் மாட்டியிருந்த காஸ்மெட்டாலஜி டிப்ளமாவை நம்பிப் போனேன் என்று என் அலுவலகத்துக்கு வந்தவர்கள் உண்டு. அந்தச் சட்டகம் பெரிதாக இருக்கும், எண் மட்டும் இருக்காது.

போட்டவர் டாக்டரே இல்லை என்றால் உங்கள் கை ஓங்கிவிடும். தான் தகுதி பெறாத மருத்துவ முறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவுதான் என்று பூனம் வர்மா வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பதற்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. போலீசிலும் புகார் தரலாம். முகம் நிரந்தரமாக உருக்குலைவதை, இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு கொடுங்காயம் என்றே சொல்கிறது. உங்கள் தழும்பு அந்த அளவுக்கு வருமா என்பதை மருத்துவச் சான்றுதான் சொல்ல வேண்டும்.

போட்டவர் டாக்டர் என்றால் போலீஸ் வேண்டாம் என்பது என் கருத்து. டாக்டர் மீது குற்ற வழக்கு நிற்க, மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும். போலீசும் முதலில் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 2005-ன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. அதில் உங்கள் பொறுமைதான் தேயும். மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யுங்கள். கவுன்சில் அவர் பதிவில் கை வைக்கலாம், ஆனால் உங்களுக்குப் பணம் வாங்கித் தராது.

பணத்துக்கு நுகர்வோர் ஆணையம்தான். காசு வாங்கிச் செய்கிற மருத்துவம் 'சேவை' என்பது 1995-லேயே முடிவான விஷயம். சென்னைக்கு அலையவும் வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். திருச்சி மாவட்ட ஆணையம் போதும். கட்டணம் நீங்கள் கொடுத்த 38,000-ஐ வைத்துத்தான், கேட்கும் நஷ்டஈட்டை வைத்தல்ல. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இணையவழியில் தாக்கல் செய்யலாம், விசாரணையை வீடியோவில் வைக்கச் சொல்லியும் மனுப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. வேண்டும் ஆனால் வசதியில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் தருவார்கள். காலக்கெடு இரண்டு வருடம். மார்ச் மாத ஊசி நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

பில் இல்லையே என்று கவலை வேண்டாம். பில் தராததே அந்த நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை, மனுவில் அதையும் ஒரு குற்றச்சாட்டாகச் சேருங்கள். ஜிபே வரவு யார் பெயரில் போனதோ அவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். பழைய போனை மாற்றிவிடாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலைச் சாட்சியமாக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்று வேண்டியிருக்கும், மூலப் படம் அந்தப் போனில் இருப்பது நல்லது.

நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பும் முன், கிளினிக்குக்கு ஈமெயிலில் இரண்டே வரி எழுதுங்கள்: என் மருத்துவப் பதிவேடுகளும் சம்மதப் படிவமும் வேண்டும், எனக்குப் போட்ட மருந்து, ஃபில்லர் இரண்டின் பெயர், பேட்ச் எண், போட்டவரின் பெயர், பதிவு எண் வேண்டும். கோபமோ மிரட்டலோ அதில் வேண்டாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடு தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான நெறிமுறை விதி. நல்ல கிளினிக்கில் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பிரித்து உங்கள் ஃபைலில் ஒட்டியிருப்பார்கள். ஒட்டவில்லை என்றால், பதில் சொல்ல முடியாமல் திணறுவார்கள். அந்தத் திணறலும் சாட்சிதான்.

ரிவ்யூ மிரட்டல் வெற்று மிரட்டல். ஆனாலும் இப்போதைக்கு எழுதாதீர்கள். எழுதியே தீருவேன் என்றால் தேதி, நேரம், அவர்கள் அனுப்பிய பதில் இவை மட்டும். 'மோசடி', 'கொலைகாரர்கள்' போன்ற சொற்கள் வேண்டாம்.

கணவர் விஷயம். வழக்குப் பட்டியலில் உங்கள் பெயர் வரும். முகப் படங்களை மூடிய உறையில் தர அனுமதி கேட்கலாம், பெயரை மறைப்பது கடினம். நோட்டீஸில் முகவரியாக என் அலுவலகத்தையோ, நீங்கள் வைக்கும் வக்கீல் அலுவலகத்தையோ போடலாம். ஆனால் கிளினிக் தரப்பு பதிலை நேராக உங்கள் வீட்டுக்கும் ஒரு நகல் அனுப்பிவிடும், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பகல் பதினோரு மணிக்குத் தபால்காரர் வரும்போது நீங்கள் பள்ளியில் இருப்பீர்கள்.