சிறைகளில் கலவரம் ஏன் வெடிக்கிறது? தடுக்க வழி உண்டா?

'உள்ளே இருப்பவர்கள் முரடர்கள், அதனால் கலவரம் வருகிறது' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஆட்கள் அதே சிறையில் வருடக்கணக்கில் அமைதியாக இருந்தவர்கள்தானே? குறையைச் சொன்னால் யாரும் காதில் வாங்கப்போவதில்லை என்று பெரும்பாலானோர் முடிவுக்கு வரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. நெரிசலும் மோசமான சாப்பாடும் அந்தக் குறைகளைப் பெருக்கும். அப்புறம் ஒரு சின்னத் தகராறு போதும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள அட்டிகா சிறையைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு குளியல், மாதத்துக்கு ஒரு கழிப்பறைக் காகிதச் சுருள். 1971 ஜூலையில் கைதிகள் மருத்துவம், கூலி, உணவு பற்றியெல்லாம் மாநிலச் சிறைத்துறை ஆணையருக்கு முறையாகக் கோரிக்கை எழுதி அனுப்பினார்கள். உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. செப்டம்பர் 9-ஆம் தேதி வெடித்தது. 13-ஆம் தேதி மாநிலக் காவல்துறை சுட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தது. இறந்தவர்கள் மொத்தம் 43 பேர். அதில் 39 பேர் அன்றைய துப்பாக்கிச் சூட்டில் போனவர்கள், பணயமாகப் பிடிபட்டிருந்த ஊழியர்கள் 10 பேர் உட்பட. அந்த ஜூலைக் கடிதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

நிர்வாகமே கைதிகளுக்குள் பகையை வளர்ப்பதும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலச் சிறையில் படிப்பும் தொழிற்பயிற்சியும் குறைக்கப்பட்டன. ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க வைத்துக் கட்டுப்படுத்தும் பழக்கம் வளர்ந்தது. 1980 பிப்ரவரியில் கலவரம் வந்தபோது 33 கைதிகள் சக கைதிகளாலேயே கொல்லப்பட்டார்கள். உளவு சொன்னதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள்.

சரி, தடுப்பது எப்படி? 1990-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறைக் கலவரம் 25 நாள் நீடித்தது. சுமார் 970 பேருக்கான இடத்தில் 1,600-க்கும் மேற்பட்டோர், அறைக்குள் கழிப்பறை கிடையாது, வாளிதான். விசாரித்த நீதிபதி வூல்ஃப், பாதுகாப்பும் கட்டுப்பாடும் மட்டும் போதாது, கைதிகள் நியாயமாக நடத்தப்பட வேண்டும், மூன்றும் சமநிலையில் இருக்க வேண்டும் என்றார். 1994-இல் சிறை நிர்வாகத்துக்கு வெளியே, புகார்களை விசாரிக்கத் தனி அதிகாரி வந்தார். 1996-இல் வாளி முறையும் அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது.

என்னைக் கேட்டால், புகார் கொடுத்தவருக்குக் குறித்த நாளுக்குள் காரணத்தோடு பதில் போவதுதான் முதல் வேலை. பதில் 'முடியாது' என்றாலும் பரவாயில்லை. அடுத்தது, ஒரே பிரிவில் நீண்ட நாள் பணிபுரியும் காவலர்கள். கைதிகள் சாப்பிட வராமல் ஒதுங்குவதும், கேன்டீனில் வழக்கத்தைவிட அதிகமாக வாங்கிச் சேர்ப்பதும், திடீரென்று பேச்சு அடங்குவதும் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.