விக்கிப்பீடியாவைப் பார்த்து இடுபணி எழுதலாமா?

கேள்வி: என் மகள் இரண்டாம் படிவத்தில் படிக்கிறாள். சுங்கை சிப்புட் வரலாற்றை இடுபணியாகச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவள் முழுக்க விக்கிப்பீடியாவைப் பார்த்தே எழுதுகிறாள். "யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அதை நம்பாதே" என்கிறார் ஆசிரியர். நம்பலாமா, கூடாதா? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: வணக்கம் அம்மா. அது எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. ரப்பர் மரம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைப் பல நாட்டுக்காரர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது கிறுக்கினால் பெரும்பாலும் சீக்கிரமே அழித்துவிடுவார்கள். 2005-இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் தலைப்புகளை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தது. விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சுமார் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் சுமார் மூன்று. (பிரிட்டானிக்கா இதை ஏற்கவில்லை, அது வேறு கதை.)

அதே ஆண்டில்தான் இன்னொன்றும் நடந்தது. ஜான் சைகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை, கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தார். நான்கு மாதம் அது அப்படியே கிடந்தது. அதிகம் பேர் எட்டிப் பார்க்காத பக்கம். நம் தோட்டங்களையும் சிறு தமிழ்ப்பள்ளிகளையும் பற்றிய பக்கங்களும் அப்படித்தான். தவறு நுழைந்தால் சுட்டிக்காட்ட ஆள் இல்லை.

அதனால் மகளை முதலில் பக்கத்தின் மேலே உள்ள 'வரலாறு' பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், கடைசியாக எப்போது கைவைத்தார்கள் என்பது தெரியும். அப்புறம் அடிக்குறிப்புகள். எண் போட்டிருப்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது, திறந்து படிக்க வேண்டும். குறிப்பு இருக்கும், ஆனால் அந்தச் செய்தி அதில் இருக்காது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஆபத்து. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே தகவல் இருந்தால் மூன்று சாட்சி என்று எண்ண வேண்டாம். ஒன்றைப் பார்த்து மற்றது மொழிபெயர்க்கப்பட்டிருக்கலாம்.

உங்கள் ஊருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. 1948 ஜூன் 16 அன்று அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டதும், அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்ததும் அன்றைய நாளிதழ்களில் உள்ளன. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. துன் சம்பந்தன் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராகப் பேசியவற்றை நாடாளுமன்ற இணையதளத்தின் ஹன்சார்டில் (உரைகளின் பதிவில்) தேடலாம். விக்கிப்பீடியாவில் வழியைக் கண்டுபிடித்து, இடுபணியில் இந்த மூலங்களைக் குறிப்பிட்டால் ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

லயன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எப்போது இடிந்தன, ரப்பர் போய்ச் செம்பனை எப்போது வந்தது என்பதெல்லாம் பெரியவர்களுக்குத்தான் தெரியும். ஏற்கெனவே வெளியான ஆதாரம் கேட்பதால் விக்கிப்பீடியா அதைச் சேர்க்காது. இடுபணியில் தாராளமாகச் சேர்க்கலாம். சொன்னவரின் பெயர், வேலை செய்த தோட்டம், பேசிய தேதி மூன்றையும் எழுதட்டும். ஆண்டு மட்டும் பலருக்குத் தடுமாறும். "எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்பதைவிட, "மெர்டேக்காவுக்கு முன்னாலயா, பின்னாலயா? மே 13 கலவரத்தப்போ லயன்லதான் இருந்தீங்களா?" என்று ஆண்டு தெரிந்த நிகழ்வுகளோடு சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.